வேறு மருந்து: இல்லை

சனிக்கிழமை காலை பத்து மணி ஆனால் எனக்குக் காது புளிக்கத் தொடங்கிவிடும். பிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து நடத்திய ஆயுர்வேத மையத்தில் ஆறு வருடம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமைதோறும் அங்கே அறிமுக வகுப்பு. ஹாலில் பாய் விரித்து, சாம்பிராணி போட்டு, இருபது பேரை உட்காரவைத்து முதலாளி பேசுவார். என் மேசைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். ஆறு வருடச் சனிக்கிழமைகளும் என் காதில்தான் விழுந்தன.

உலகம் ஐந்து பூதங்களால் ஆனது, உடம்பும் அப்படியே என்று ஆரம்பிப்பார். அந்த ஐந்தும் கூடி வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகி உடம்பை நடத்துகின்றன. மூன்றும் அளவோடு இருந்தால் சுகம். ஒன்று ஏறினாலும் இறங்கினாலும் நோய். ஒவ்வொருவரும் பிறக்கும்போதே ஓர் உடல்வாகோடு பிறக்கிறார்கள். அதற்குத் தகுந்தபடி சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், எழுந்திருக்க வேண்டும். வயிற்றில் இருக்கும் தீயை அணைய விடக்கூடாது. நோயைப் பார்க்காதே, நோயாளியைப் பார். நோயாளியை மட்டும் பார்க்காதே, அவன் வீட்டைப் பார், வேலையைப் பார், மனசைப் பார். முழு மனிதனைப் பார்ப்பதுதான் ஆயுர்வேதம்.

இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். சொன்ன ஆளைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. பதினைந்து வருடம் சாப்ட்வேர் விற்றவர். முதுகுவலி வந்து, கேரளாவில் பத்து நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஞானம் பெற்றுத் திரும்பியவர். வந்ததும் காலர் இல்லாத சட்டை, மணிக்கட்டில் ருத்திராட்சம், குரலில் ஒரு இழுப்பு. சுக்கையும் வசம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் முழு மனிதனைப் பற்றி ஒன்றரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார்.

என் முழு மனுஷித்தனத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு தடவை லீவு கேட்டு அவர் அறைக்குப் போனேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "உங்களுக்குப் பித்தம் ஜாஸ்தி. கோபமெல்லாம் அதான்" என்று சொல்லி, காலையில் கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னார். லீவு கொடுக்கவில்லை. அன்றிலிருந்து நான் எதற்கு முகத்தைச் சுளித்தாலும் அது பித்தம். ஏசி ரிப்பேர் என்று சொன்னால் பித்தம். மண்ணாங்கட்டி!

உண்மையில் மருத்துவம் பார்த்தது உள்ளறையில் இருந்த டாக்டரம்மா. ஹாசன் பக்கத்துக்காரர், அறுபது வயது இருக்கும், ஆயுர்வேதக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். கன்னடத்தில் திட்டுவார், தமிழில் சமாதானம் செய்வார். ஓர் ஆளைப் பார்க்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். நாடியைப் பிடித்துக் கண்ணை மூடினார் என்றால் வெளியே நான்கு பேர் காத்திருப்பது அவருக்கு நினைவே இருக்காது. "இது என் வேலை இல்லம்மா, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று வாரத்தில் இரண்டு பேரையாவது திருப்பி அனுப்புவார். முதலாளிக்கு அது எரியும். அவர் எரிவதைப் பார்த்தால் எனக்கு மனசு குளிரும்.

டாக்டரம்மாவிடம் போகுமுன் எல்லோரும் என் மேசையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நாற்பது கேள்விகள். காரம் பிடிக்குமா, இனிப்பு பிடிக்குமா? தோல் வறண்டதா? கனவில் பறப்பீர்களா, ஓடுவீர்களா? அதற்கெல்லாம் நம் ஜனங்கள் கதை கதையாக எழுதுவார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: தற்போது எடுத்துக்கொள்ளும் வேறு மருந்துகள். அங்கே வந்ததும் பேனா நொண்டும். பிறகு ஒரே வார்த்தை. இல்லை.

பொய்! அப்பட்டமான பொய்! ஒரு அம்மாள் அப்படித்தான் இல்லை என்று எழுதிவிட்டு மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கைப்பையைத் திறந்தார். மூன்று மாத்திரை அட்டைகள் என் மேசையில் விழுந்தன. பிரஷருக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. "அது எப்பவாச்சும் போடறதும்மா" என்றார். பிரஷர் மாத்திரையை எவராவது தீபாவளிக்குத் தீபாவளி போடுவார்களா? இன்னொருவர், பெரிய படிப்பு படித்தவர், "அலோபதி சாப்பிடறேன்னு தெரிஞ்சா மேடம் கோச்சுக்க மாட்டாங்களா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். இதே ஜனம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே கஷாயத்தை மறைக்கும். மாமியார் வீட்டுச் சங்கதியை அம்மா வீட்டில் சொல்லாமல், அம்மா வீட்டுச் சங்கதியை மாமியார் வீட்டில் சொல்லாமல் காலத்தை ஓட்டுவது போல, இரண்டு டாக்டர்களுக்கும் நடுவில் பூசி மெழுகிக்கொண்டே திரிவார்கள். முழு மனிதனைப் பார்க்கிறார்களாம். வந்து உட்காருவது பாதி ஆள். மீதி கைப்பைக்குள்.

டாக்டரம்மாவுக்கு இது தெரியும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "நோடம்மா, இங்க பாருங்க, நான் கொடுக்கிறது மூலிகைதான், ஆனா அதுவும் மருந்துதான். உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாம கொடுத்தா ரெண்டும் சேர்ந்து ஆளைக் கவுத்துடும். நீங்க கேட்டு எழுதாம யாரையும் உள்ள அனுப்பாதீங்க. உங்க கையெழுத்தைத்தான் நான் நம்பறேன்."

அதற்கப்புறம் நான் போலீஸ் ஆகிவிட்டேன். பையைத் திறங்க சார், மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கம்மா, பொய் சொன்னா உள்ள விடமாட்டேன். எத்தனை பேரைப் பிடித்திருப்பேன்! பிடித்ததில் எனக்கு ஒரு கர்வம் கூட உண்டு. படித்த ஆட்கள் என் முன்னால் பையைத் துழாவுவதைப் பார்க்கையில் உள்ளுக்குள் சிரிப்பாக வரும்.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். ஜீவனஹள்ளியில் ஒன்றரை அறை வீடு. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாமா இறந்துவிட்டார். ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை பற்றாமல், கடைசி இரண்டு வருடமாகக் காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி. தானே வயிற்றில் குத்திக்கொள்வாள். நான் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். பத்து நிமிடம் நின்று, காய்கறிப் பையைக் கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுவேன்.

என் மையத்தை அவள் எண்ணெய்க் கடை என்றுதான் சொல்வாள். "இன்னாடி, உங்க எண்ணெய்க் கடையில இன்னிக்கு எத்தனை பேரை ஊற வெச்சீங்க?" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் திடீரென்று, "ஒருவாட்டி நானும் வந்து உங்க டாக்டரம்மாவைப் பார்க்கணும்" என்றாள். ஊழியர் குடும்பத்துக்கு அங்கே இலவசம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிண்டல் செய்தவள் வழிக்கு வந்துவிட்டாள் அல்லவா!

வந்தது சனிக்கிழமை. நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். "கல்யாணத்துக்கா வந்த?" என்று கேட்டேன். பூவைச் சரிசெய்துகொண்டாள். டாக்டரம்மா வர நேரம் இருந்ததால் அறிமுக வகுப்பில் கடைசிப் பாயில் உட்காரவைத்தேன். முதலாளி பேசும் இங்கிலீஷ் அவளுக்குப் புரியாது. நான் பக்கத்தில் குந்திக்கொண்டு காதில் தமிழில் சொன்னேன். அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட உருகினார். உடம்புக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரியும், நாம்தான் கெமிக்கலைக் கொட்டி அதைச் சோம்பேறியாக்கிவிட்டோம் என்றார். மருந்தை நிறுத்து என்று சொல்ல மாட்டார், அவ்வளவு கெட்டிக்காரர். நிறுத்தலாம் போலிருக்கிறதே என்று நாமே நினைக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கையைக் கூப்பிவிடுவார். நானும் ஒரு வார்த்தை விடாமல் அக்கா காதில் ஊதினேன்.

பிறகு படிவம். அக்கா எதிரில் நின்றாள், நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். முப்பத்தொன்பது கேள்வியும் முடிந்தது. கடைசி வரிக்கு வந்து பேனாவை வைத்தபோது அக்கா மேசைமேல் குனிந்தாள்.

"ஊசி விஷயத்தை எழுதாதே."

"ஏங்க்கா? டாக்டரம்மாவுக்குத் தெரியணும்."

"எழுதினா உங்க டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லிடுவாங்க. எனக்குத் தெரியும். நீ இல்லைன்னு போடுடி."

பின்னால் ஆறு பேர் நின்றார்கள். போன் அடித்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் சாக்கு. வேறு யாராக இருந்தாலும் பையைப் பிடுங்கிப் பார்த்திருப்பேன். என் அக்கா சொல்கிறாள், சின்ன வயதிலிருந்து அவள் சொன்னதைச் செய்தே பழகிய கை. ஊசியும் போட்டுக்கொள்வாள், கூடவே கஷாயமும் குடிப்பாள், என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன். இல்லை என்று எழுதினேன். நல்ல அழகான கையெழுத்து எனக்கு.

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா படிவத்தைப் புரட்டினார். கடைசி வரியில் விரலை வைத்து, "ஷுகர் இருக்குன்னு எழுதி இருக்கு, மருந்து ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். "கொஞ்சம்தான் டாக்டர், பத்தியத்துலயே இருக்கு" என்றாள் அக்கா, கண்ணை இமைக்காமல். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சுவரில் மூலிகைப் படம் ஒன்று மாட்டியிருந்தது, நான் அதைப் பார்த்தேன். அப்போது வெளியே மறுபடியும் போன் அடித்தது. தப்பித்தேன் என்று ஓடிவந்துவிட்டேன்.

அக்கா வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. காத்திருந்தவர்கள் என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். சர்க்கரைக்கு லேசான ஒரு கஷாயம், சாப்பாட்டில் சில மாற்றம், ரத்தம் பார்த்து ரிப்போர்ட் கொண்டுவரச் சொல்லி ஒரு சீட்டு, இரண்டு வாரம் கழித்து வா. அவ்வளவுதான். இதற்கு ஒரு மணி நேரமா என்று எரிச்சல் பட்டேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்தாள். ஒவ்வொரு தடவையும் நல்ல புடவை, தலை நிறையப் பூ. மூன்றாவது தடவை வந்தபோது ஆள் பாதியாக இளைத்திருந்தாள். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. "பார்த்தியா, எப்படி எறங்கிட்டேன்!" என்று சுற்றிக் காட்டினாள். தாகம் ஜாஸ்தியாக இருக்கிறது, அடிக்கடி பாத்ரூம் போகிறது என்றாள். "கழிவெல்லாம் வெளியே போகுதுக்கா, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்று நான் விளக்கம் சொன்னேன். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டே வைத்தியம் படித்தவள் அல்லவா நான்! அதோடு விட்டேனா? வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அக்காவே இங்கதான் பார்க்கறாங்க, எவ்வளவு எளைச்சுட்டாங்க தெரியுமா" என்று பெருமை வேறு. முதலாளி அதைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இந்த எளைப்பு எனக்குப் பிடிக்கலை. ரெண்டு வாட்டி கேட்டும் ரத்தம் பார்க்கலை. ரிப்போர்ட் இல்லாம இனிமே மருந்து கிடையாது" என்று அக்காவை அனுப்பிவிட்டார். மறுநாளே அக்கா ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். மடித்து மடித்து நைந்துபோன காகிதம். தேதியைப் பார்த்தேன். மூன்று மாதப் பழசு. கேட்டதற்கு, "ஒரே அளவுதான்டி இருக்கும், மறுபடியும் குத்திக்கணுமா?" என்றாள். ஊசிதான் போட்டுக்கொள்கிறாளே, அளவு அப்படித்தான் இருக்கும் என்று நானும் கோப்பில் செருகிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். "உங்க அக்கா விடியக்காலத்துல இருந்து வாந்தி எடுக்கறாங்க, மூச்சு ஒரு மாதிரி வாங்குது, சீக்கிரம் வாங்க." நான் போனபோது அக்கா தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். நீளம் நீளமாக மூச்சு வாங்கினாள். என்னை யார் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்கு நேரம் பிடித்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அல்சூர் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர். விரலில் குத்திப் பார்த்தார். மெஷினில் எண் வரவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. "இன்சுலின்ல இருக்காங்களா?"

"ஆமா டாக்டர்."

"நடுவுல நிறுத்தினாங்களா?"

எனக்குத் தெரியாது. அக்காவைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை லேசாக இடமும் வலமும் ஆட்டினாள். இல்லை என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா?

"நிறுத்தல டாக்டர்."

"நாட்டு மருந்து, கஷாயம், இந்த மாதிரி ஏதாவது?"

இந்தக் கேள்வியை நான் எத்தனை நூறு பேரிடம் எப்படியெல்லாம் மிரட்டிக் கேட்டிருக்கிறேன்! என் முறை வந்தது. இந்தப் பையன் டாக்டர் என்னை என்ன நினைப்பான், படிக்காத கூட்டம் என்று நினைப்பான், ஆயுர்வேதக் கடையில் வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் அக்காவைச் சரியாகக் கவனிப்பானா? ஒரு நொடியில் இவ்வளவும் ஓடியது.

"இல்ல டாக்டர்" என்றேன்.

வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அரை மணி கழித்து டாக்டர் வந்தார். ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, சிறுநீரகம் திணறுகிறது என்றார். "இன்சுலின் ஒழுங்கா போட்டுக்கினு இருக்கறவங்களுக்கு இவ்வளவு ஏறாது. உள்ள எங்கேயோ பெரிய இன்ஃபெக்ஷன் இருக்கணும். அதைத்தான் தேடறோம். ஸ்கேனுக்கு அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அக்கா தலையாட்டியது சொல்லாதே என்றுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் இல்லாத ஒன்றைத் தேடி ஓடுகிறார். தேட அனுப்பியவள் நான். உள்ளே அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. எழுந்து போய் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே? போகவில்லை. வெட்கங்கெட்டவள்! டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். ஊசி, படிவம், பழைய ரிப்போர்ட், எல்லாம். முடித்ததும், "போனைக் கொண்டுபோய் அந்த டாக்டர் கையில கொடு" என்றார். என்னை அதுவரை நீங்க என்றுதான் கூப்பிடுவார்.

கொடுத்தேன். இப்போது சண்டை வெடிக்கும் என்று சுவரோரம் ஒடுங்கி நின்றேன். ஒன்றும் வெடிக்கவில்லை. "ஹேளி மேடம், சொல்லுங்க" என்றார் பையன். பக்கத்தில் கிடந்த காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். என்ன மூலிகை, எத்தனை மில்லி, எத்தனை நாள், கடைசியாக எப்போது. நடுவில் ஒரு சந்தேகம் கேட்டார், டாக்டரம்மா பதில் சொன்னார். "தேங்க்ஸ் மேடம், இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று நிமிடம்! இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள் என்று பயந்து இந்த ஊரே மாத்திரையைப் பையில் ஒளித்துக்கொண்டு அலைகிறது. அவர்களானால் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி பேசி முடித்துவிட்டார்கள்.

டாக்டர் உள்ளே போய் அக்காவின் காதருகே குனிந்து கத்திக் கேட்டார். ஊசியை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது என்று அவளே சொன்னாள்.

நான் போனைக் காதில் வைத்தேன். டாக்டரம்மா இன்னும் லைனில் இருந்தார். "படிவத்துல அது உன் கையெழுத்துதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் முதலாளி போனில் கூப்பிட்டார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "கவலைப்படாதீங்க, நான் ஃபைலைப் பார்த்துட்டேன். வேற மருந்து இல்லைன்னு தெளிவா இருக்கு. போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன். நமக்கு ஒரு பிரச்சனையும் வராது" என்றார். நமக்காம்! முழு மனிதனைப் பார்க்கிறவர் பார்த்த லட்சணம் இது. நான் எழுதிய ஒற்றை வார்த்தை அவருக்குக் கவசம் ஆகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் கொத்தமல்லித் தண்ணீர் பத்தாது. வேலையை விடுகிறேன் என்று அங்கேயே சொன்னேன். ஆனால் அவரைத் திட்ட முடியவில்லை. படிவத்தை எழுதியது அவர் இல்லையே.

மூன்று நாள் அக்கா தீவிர சிகிச்சையில் கிடந்தாள். பிழைத்தாள். சிறுநீரகம் பழையபடி முழுசாகத் திரும்பாது, இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார்கள். ஐந்தாம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள். ஓசூரிலிருந்து வந்திருந்த அக்கா மகள், கைக்குழந்தை அழுகிறதென்று பால் வாங்கப் போயிருந்தாள். நான் இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது.

"ஊசியை ஏங்க்கா நிறுத்தின? அறிவு இருக்கா உனக்கு?"

"நீதானடி கெமிக்கல் வேணாம்னு காதுல சொன்ன."

"அந்தாளு சொன்னதை நான் தமிழ்ல சொன்னேன். அவன் சொன்னா நீ நிறுத்திடுவியா?"

"நீ சொன்னன்னுதான் நிறுத்தினேன்."

ஆனாலும் விடவில்லை, விடுகிற ஜென்மமா நான்? "சரி, எனக்குத்தான் புத்தி இல்ல. டாக்டரம்மாகிட்டயாவது ஊசியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமில்ல? மூணு வாட்டி போய் மணிக்கணக்கா உக்காந்துட்டு வந்தியே, இன்னாத்தைத்தான் பேசின?"

"சொல்லி இருந்தா இன்னா பண்ணி இருப்பாங்க?"

"ஆஸ்பத்திரிக்கே போன்னு அனுப்பி இருப்பாங்க."

"அதான். அப்புறம் நான் எப்படி அங்க வர்றது?"

எனக்குப் புரியவில்லை. மருந்துக்காக வந்தாள் என்றுதானே நினைத்திருந்தேன். இட்லித் துண்டு கையிலேயே இருந்தது. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு நிமிஷம்டி. நம்பரைப் பார்த்து அளவைக் கூட்டி எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. தப்பு சொல்லல, அவங்களுக்கு அவ்ளோ கூட்டம். அந்தம்மா என்னைக் கேட்டாங்க. காலையில எழுந்ததும் மொதல்ல யார்கிட்ட பேசுவீங்கன்னு கேட்டாங்க. கடைசியா எப்ப நல்லா சிரிச்சீங்கன்னு கேட்டாங்க. அடுத்த வாட்டி போனா, போன வாட்டி சொன்னதை ஞாபகம் வெச்சுக்கினு அதுக்கு மேல கேக்கறாங்க. ராத்திரி யார் கூட உக்காந்து சாப்பிடுவீங்கன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"டிவி கூடன்னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கல."

"எவ்வளவு நாளாக்கா?"

"உங்க மாமா போனதுல இருந்து."

மாமா போய் எட்டு வருடம். என் வீட்டில் ராத்திரி நாங்கள் நான்கு பேர் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அக்கா வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நடந்தால் பதினைந்து நிமிடம்.